பார்க்கலாம் என்ன விலை

ஜனவரி 22

அன்புள்ள வாத்தியார் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், வண்டி, நாற்காலிகள் எல்லோரும் நலம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. நான் எழுந்தால் அது எழுவதில்லை. நீ, உன் வீட்டுக்காரி, குட்டி, குட்டியின் புதுப் பல் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போனில் கேட்கலாம்தான். எதிர்வீட்டு போனில் பேசினால் அந்த வீடே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் கடிதம். ஐந்தாவது வரை படித்ததற்கு வேறு என்ன பிரயோஜனம், சொல்.

ஒரு சந்தேகம். போன வாரம் தபால் ஆபீஸ் குமாஸ்தா ஓய்வு பெறுகிற விழாவுக்கு நாற்காலி கேட்டு வந்தார். கேட்ட வாய் மூடுவதற்குள் "எடுத்துக்குங்க"ன்னு சொல்லிவிட்டேன். மறுநாள் அதே தேதிக்கு ஒரு பெரிய கல்யாண வீட்டு ஆள் காரில் வந்து இறங்குகிறான். "மூணு மடங்கு வாடகை தர்றோம், முந்நூறு நாற்காலியும் வேணும்" என்கிறான். என்னிடம் இருப்பதே உன் மாமா கண்ணை மூடும்போது எனக்கு விட்டுப்போன அந்த முந்நூறுதான். வாய் விட்டாச்சு, திரும்ப எடுக்க முடியுமா? விழாவில் குமாஸ்தா பேசினார், பேசினார், என் நாற்காலிகளே கொட்டாவி விட்டன. எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

மைக் செட் போட வந்த ஹலோதான் ஆறுதல் சொன்னார். ஹலோ என்றால் யார் என்று கேட்பாய். ஊரில் எல்லா மண்டபத்துக்கும் மைக் செட் போடுகிறவர். நான் நாற்காலி போடுகிற இடத்திலெல்லாம் அவர் வயர் இழுப்பார். "ஹலோ, ஹலோ, ஒன்னு ரெண்டு மூணு" என்று சோதித்துச் சோதித்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மனுஷனுக்கு மைக் முன்னால் மட்டும்தான் வாய் வரும். நேரில் பார்த்தால் சுவரோடு பேசுகிற மாதிரி பேசுவார். "விடுங்கம்மா, குமாஸ்தா சந்தோஷமா இருக்காருல்ல" என்றார், என் தோளுக்குப் பின்னால் இருந்த தூணைப் பார்த்து.

சரி, நீ நடத்துகிற பொருளாதாரத்தில் என் வயிற்றெரிச்சலுக்கு ஏதாவது மருந்து இருக்கா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். குட்டிக்கு நான்கு பல் ஆகிவிட்டது, கடிபடாத பொருள் வீட்டில் இல்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, படி ஏறாதே.

உன் கேள்வியைத்தான் ஒவ்வொரு வருஷமும் முதல் பாடமாக நடத்துகிறேன். கேட்பவர்கள் அதிகமாகி, பொருள் அதே அளவில் இருந்தால் விலை ஏறும். பொருள் பெருகி, கேட்பவர்கள் குறைந்தால் இறங்கும். கல்யாணக் காலத்தில் உன் நாற்காலிக்குத் தேவை அதிகம், அளிப்பு முந்நூறோடு நின்றுவிடுகிறது. அப்போது கேட்டவுடனே தலையாட்டினால் நஷ்டம் உனக்குத்தான். இனிமேல் யார் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல். தேவை உண்மையாக இருந்தால் திரும்பி வருவார்கள், கூடுதலாகவும் தருவார்கள்.

இன்னொன்று. நாற்காலிக்கு நீ கொடுக்கும் உண்மையான விலை, அதை வாங்கிய விலை அல்ல. அன்றைக்கு அது போயிருக்கக்கூடிய இன்னொரு நல்ல இடம் எதுவோ அதுதான். இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். குமாஸ்தா விழாவின் வாய்ப்புச் செலவு அந்தக் கல்யாணம்.

இவள் ஜூனில் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். குட்டியை யாரிடம் விடுவது என்று இப்போதே தூக்கம் போய்விட்டது. நீ இங்கே வந்து இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். யோசித்துப் பார்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம். ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் இப்போது பாதி வழி வரை கூட வருகிறது.

உன் கையெழுத்தைக் கோழி கிளறியதா நீ கிளறினாயா தெரியவில்லை. நீ எழுதியிருந்த "வாய்ச் செலவு" எனக்கு நன்றாகப் புரிந்தது. வாயால் ஆகிற செலவு! அதைத்தானே நான் ஆயுசு முழுக்கச் செய்கிறேன். வெடுக்கென்று "சரி" என்று சொல்லி ஒரு கல்யாணத்தைச் செலவழித்தேன் அல்லவா? இவ்வளவு பெரிய காலேஜில் இதைப் பாடமாக வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

மருந்து வேலை செய்கிறது. போன வாரம் ஒரு பிறந்தநாள் வீட்டுக்காரர் வந்தார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு "பார்க்கலாம்" என்றேன். சாயங்காலமே அட்வான்ஸோடு திரும்பி வந்தார், கூடுதலாகவே கொடுத்தார். இன்னொருவரும் அப்படியே. இப்போது நம் நாற்காலி ஷெட்டில் அது ஒரு பாஷையாகிவிட்டது. நான் யாரிடமாவது "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டால் போதும், நம் வண்டிக்காரன் பின்னால் நின்று, "அக்கா பார்க்கலாம் சொல்லிட்டாங்க, முடிஞ்ச மாதிரிதான், எந்தத் தெருன்னு சொல்லுங்க" என்று விலாசம் கேட்கிறான்.

ஹலோவிடம், எப்படி என்று சொல்லாமல், கூடுதல் வாடகை வந்ததை வைத்து வம்பிழுத்தேன். "நீங்களும் கொஞ்சம் கூட்டிக் கேட்டுப் பாருங்களேன்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். மண்டபம் காலியாக இருந்தது, நான் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று நாலு மூலையிலிருந்தும் குரல்: "ஹலோ, ஹலோ, நாற்காலிக்காரம்மா, உங்க டீ ஆறிக்கிட்டிருக்கு." நான் பயந்து கையிலிருந்த நாற்காலியைக் கால் மேலே போட்டுக்கொண்டேன். நல்லவேளை, தனிக்குடித்தனம் போன கால்.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். குட்டிக்கு அத்தையின் முத்தம், கடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அக்கா

மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

அனைவரும் நலம். நீயும் அவ்வாறே என நம்புகிறேன்.

அது "வாய்ச் செலவு" இல்லை, வாய்ப்புச் செலவு. வாய்ப்பு என்றால் சந்தர்ப்பம். உன் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் பரீட்சையில் உன் விளக்கத்தைத்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது. இப்படி நினைத்துக்கொள்: ஒரு நாற்காலி ஒரே நாளில் இரண்டு வீட்டில் இருக்க முடியாது. ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்த கணமே இன்னொரு வீட்டை விட்டுவிட்டோம். விட்டது எதுவோ அதுதான் விலை.

பின்பக்க அறையைக் காலி செய்து வெள்ளையடித்தாகிவிட்டது. ஜன்னல் தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. உனக்குப் பிடிக்கும். எப்போது வருகிறாய் என்று எழுது.

ஒரு சந்தேகம். இந்த ஹலோ வெறும் மைக் செட்காரர்தானா? கடிதத்துக்குக் கடிதம் வருகிறாரே?

அன்புடன்,
தம்பி

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கேட்டுவிட்டாயே என்று சொல்கிறேன், சிரிக்காதே. சிரித்தால் சத்தம் வராமல் சிரி.

ஹலோவுக்கு வேறு ஊரில் ஒரு மகள். மாப்பிள்ளை அங்கே ஒலிபெருக்கிக் கடை போட்டிருக்கிறார், இவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மே மாதம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று இவரும் சொல்லியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நான் கடைசி வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் "ஹலோ, ஹலோ" என்றார். டீ வந்திருக்கிறது போல என்று திரும்பினேன். டீ இல்லை. மேடையில் மைக்கைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "எனக்குத் தனியாப் போகப் பிடிக்கலைங்க. நீங்க சரின்னா நான் மகளுக்கு எழுதிடறேன். அங்க வந்தாலும் சரி, நான் இங்கயே இருந்தாலும் சரி, ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கலாம்" என்றார். மண்டபம் முழுக்க எதிரொலி. இருக்கலாம், இருக்கலாம், இருக்கலாம் என்று சுவரெல்லாம் சொன்னது.

என்னிடம் இப்படி ஒரு கேள்வி. இந்த வயதில்! ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே. "முந்நூறு நாற்காலி கேட்டுக்கிட்டிருக்கு, இப்படியா பப்ளிக்கா கேப்பீங்க?" என்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. "என்ன சொல்றீங்க?" என்றார், மைக்கில்தான்.

"பார்க்கலாம்" என்றேன்.

சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். அவர் மைக்கை அணைத்துவிட்டு வயரைச் சுற்ற ஆரம்பித்தார். வெட்கம் போலிருக்கிறது. இரண்டாவது தரம் வந்து கேட்பார் அல்லவா, அப்போது அட்வான்ஸை வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

நீதான் எனக்கு இருக்கிற பெரிய மனுஷன். இதுபற்றி நீ ஒரு வார்த்தை எழுதினால் நன்றாக இருக்கும். அந்தப் பின்பக்க அறை ஜன்னல் பற்றிப் பிறகு பேசலாம்.

அக்கா

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா என்று தெரியவில்லை. என் போன கடிதத்தைப் போஸ்ட்மேன் தின்றுவிட்டானா, குட்டி தின்றுவிட்டாளா? அவனைக் கேட்டேன். "உங்க தம்பிக்கு எழுத வராதோ என்னமோ" என்கிறான். காலேஜ் வாத்தியாருக்குக் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

கடைத்தெருவில் ஒருவன் புதிதாக நாற்காலி வாடகைக் கடை திறந்திருக்கிறான். எல்லாம் வெல்வெட் உறை போட்டது. உட்கார்ந்தால் ராஜா மாதிரி இருக்கிறதாம், எழுந்தால் முதுகெல்லாம் வியர்வையாம். நேற்று ஒருவரிடம் "பார்க்கலாம்" என்றேன். "நீங்க பார்த்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு நேராக அங்கே போய்விட்டார். வண்டிக்காரன் விலாசம் கேட்டுக்கொண்டே பாதித் தெரு ஓடிவிட்டுத் திரும்பி வந்தான். உன் மருந்து கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, வேறு அனுப்பு.

ஹலோ இப்போதெல்லாம் மைக்கில் டீ விஷயம் பேசுவதில்லை. ஒன்னு ரெண்டு மூணோடு நிறுத்திக்கொள்கிறார். ஆம்ப்ளிபையரை விற்கப் போவதாகப் பேச்சு. பேரம்தான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பிறகு வந்து நிற்பார்கள்.

நானே போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒருநாள் டீயை எடுத்துக்கொண்டு மேடைப்பக்கம் போனேன். அவர் ஏணி மேலே இருந்தார். கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியாமல் நான் என்ன சொல்வது?

உடனே எழுது.

அக்கா

மே 9

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பரீட்சை விடைத்தாள்கள், குட்டிக்குக் காய்ச்சல், வீட்டில் ஒரே ஓட்டம். இப்போது அனைவரும் நலம்.

புதுக் கடை வந்துவிட்டதால் அளிப்பு கூடிவிட்டது. இனி வாடகை இறங்கத்தான் செய்யும். ஆடி வந்தால் கல்யாணங்களும் நின்றுவிடும். நாற்காலிகளை விற்பதாக இருந்தால் இதுதான் சமயம், புதுக்கடைக்காரனே எடுத்துக்கொள்வான். அந்த ஷெட்டில் இனிமேல் உனக்கு என்ன இருக்கிறது?

அறையில் கட்டில் போட்டாகிவிட்டது. ஜூன் முதல் வாரம் இவளுக்கு ஆபீஸ். "அண்ணி எப்ப வர்றாங்க?" என்று தினமும் கேட்கிறாள். குட்டி உன் படத்தைப் பார்த்து "த்தை" என்கிறாள்.

நீ எழுதியிருந்த மற்ற விஷயம்: அவசரப்பட வேண்டாம். இத்தனை வருஷம் இருந்தாயிற்று. நேரில் வந்ததும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம்.

ஹலோ போய்விட்டார். போன திங்கட்கிழமை. மைக் செட்டை ஒரு சின்னப் பையனிடம் விற்றுவிட்டார். அவன் "மைக் டெஸ்டிங்" என்று இங்கிலீஷில் கத்துகிறான், எனக்குக் காது அடைத்துவிடுகிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கூட்டத்தில் எதிர்பாராமல் பார்த்தது போலத்தான் போனேன். அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வயர் சுருள். "வயர் எதுக்கு? மகள் வீட்டையும் கட்டி இழுத்துக்கிட்டு வரப் போறீங்களா?" என்றேன். சிரித்தார். அவரும் ஏதோ சொல்லப் போகிற மாதிரி இருந்தது. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று நானும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். இந்தத் தரம் கேட்டால் வம்பு பண்ணாமல் சொல்லிவிட வேண்டும் என்று தயாராக இருந்தேன், தம்பி. மைக் இல்லையே அவருக்கு. "வரட்டுங்களா?" என்றார். "போய்ட்டு வாங்க. அங்கயாவது ஆளைப் பார்த்துப் பேசக் கத்துக்குங்க" என்றேன். பஸ் எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது வண்டிக்காரன் உம்மென்று இருந்தான். "என்னடா, உன் வண்டியையா கட்டிக்கொண்டு போனார்?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "நீங்க அவர்கிட்ட பார்க்கலாம்னு சொன்னீங்களாமே அக்கா?"

"ஆமாம். நம்ம ஷெட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அவர் நம்ம ஷெட்டுலயா இருக்காரு? மைக் தொழில்ல பார்க்கலாம்னா வேற ஆளுக்குக் குடுத்தாச்சுன்னு அர்த்தம். அவருக்கு வாழ்க்கை பூரா எல்லா மண்டபத்துலயும் அப்படித்தானே சொல்லி அனுப்பிச்சாங்க? அந்தம்மா மரியாதையா மறுத்துட்டாங்கப்பா, இனிமே தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு என்கிட்ட அன்னைக்கே சொன்னாரு."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா? ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்தீங்களேக்கா. விளையாட்டுக்குச் சொன்னீங்க, பிடிக்கலை போலன்னு நானும் நினைச்சேன்."

எனக்கு எதிரிலே இருந்த தெரு தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் பாட்டுக்கு மைக் செட்டோடு என் வீட்டு வாசல் வழியாக எத்தனை தரம் போயிருப்பார். நான் ஒவ்வொரு தரமும் பல்லைக் காட்டியிருக்கிறேன்.

மகள் வீட்டு விலாசத்தை வாங்கி அவருக்கு எழுதிவிட்டேன். நலம் விசாரித்தேன், புது மைக்காரனைத் திட்டினேன், நடுவில் ஒரு வரி: "எங்கள் தொழிலில் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம்." அதற்கு மேல் எழுத எனக்கு எழுத்து வரவில்லை.

அங்கே வருவது பற்றி இப்போது கேட்காதே.

அக்கா

ஜூலை 2

அன்பு அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. எல்லோரும் உடம்போடு இருக்கிறோம், அவ்வளவுதான்.

மார்ச்சில் உன் கடிதம் வந்த அன்று சமையலறையில் நின்று படித்தேன். "அண்ணி என்ன எழுதியிருக்காங்க?" என்று இவள் கேட்டாள். "நலமாம்" என்றேன். அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தபோதே எனக்குத் தெரியும். உனக்கு வேண்டியது என் ஒரே ஒரு வார்த்தை. போ என்று நான் எழுதியிருந்தால் நீ அன்றைக்கே அந்த மேடைக்குப் போயிருப்பாய். பார்க்கலாம் என்று சொல்லக் கற்றுக்கொடுத்ததும் நான். உன் கடிதத்தில் அந்த வார்த்தையைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. அவருக்கு அது புரியாமல் போகலாம் என்று தோன்றியது. தோன்றியும் நான் எழுதவில்லை. அப்போது எங்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

காத்திருக்க வைப்பது வேறு கடை இல்லாத ஊரில்தான் செல்லும் என்பதையும் நான் உனக்குச் சொல்லவில்லை. வகுப்பில் எத்தனையோ வருஷமாக, ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றை விட வேண்டும் என்று நடத்துகிறேன். தேர்ந்தெடுப்பவனும் விடுபவனும் ஒரே ஆள் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. இங்கே தேர்ந்தெடுத்தவன் நான். விட்டது உன்னுடையது.

குட்டியைப் பக்கத்துத் தெருவில் ஒரு காப்பகத்தில் விட்டிருக்கிறோம். இரண்டு நாள் அழுதாள். இப்போது கூட்டிக்கொண்டு வரப் போனால் வர மாட்டேன் என்கிறாள். இவ்வளவு சுலபமாக முடிகிற காரியமாக இருந்திருக்கிறது.

அவரிடமிருந்து பதில் வந்ததா?

தம்பி

ஆகஸ்ட் 5

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். மைக் செட்காரரின் மகள் எழுதுகிறேன். அப்பாவின் கண்ணாடி உடைந்துவிட்டதால் அவர் சொல்ல நான் எழுதுகிறேன். அப்பா நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். நாற்காலிகள் நலமா என்றும் கேட்கச் சொன்னார்.

உங்கள் கடிதத்தை நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். புது மைக்காரர் பற்றிப் படித்தபோது நன்றாகச் சிரித்தார். உங்கள் தொழிலில் ஏதோ வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டார். தொழில் விஷயம், எனக்குப் புரியவில்லை. அதற்கு என்ன பதில் எழுத என்று கேட்டேன். "கிடைச்சதுன்னு எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்: கிடைத்தது.

ஒரு சந்தோஷச் செய்தி. எங்கள் தெருவில் தையல் சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். நல்ல மாதிரி. அப்பாவும் தனியாக இருக்கிறாரே என்று நான்தான் பேச்சை எடுத்தேன். முதலில் அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. அங்கே ஒருவரைக் கேட்டதாகவும், அவர்கள் முடியாது என்றுவிட்டதாகவும் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. அப்புறம் என் தொல்லை தாங்காமல் சரி என்றார். உங்கள் கடிதம் எங்கெங்கோ சுற்றிப் போன மாதம்தான் வந்து சேர்ந்தது, அதற்கு நாலு நாள் முன்னால்தான் அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுத்தோம். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, வீட்டிலேயே, பத்துப் பேரோடு கல்யாணம். நீங்கள் அவசியம் வர வேண்டும். உங்களைப்போல் வரிசை கோணாமல் நாற்காலி போட யாராலும் முடியாது என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

இப்படிக்கு,
மகள்

ஆகஸ்ட் 12

அன்புள்ள மகளுக்கு,

ஆசீர்வாதம். நான் நலம், முழங்காலும் நலம், நாற்காலிகளும் நலம் என்று அப்பாவிடம் சொல்லவும். செய்தி படித்து மிகவும் சந்தோஷம். நல்ல காரியம் செய்தாய். மனுஷனைத் தனியாக விட்டால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவார்.

தையல் அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லிவை. டீயைக் கொஞ்சம் ஆற்றிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிட வேண்டும்.

வர எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து இங்கே இரண்டு பெரிய விசேஷம். முந்நூறு நாற்காலியும் போகிறது. நான் இல்லாவிட்டால் வண்டிக்காரன் ஒரு வீட்டு நாற்காலியை இன்னொரு வீட்டில் இறக்கிவிடுவான். அப்பா தொழில் தெரிந்தவர், புரிந்துகொள்வார்.

கண்ணாடியைச் சீக்கிரம் மாற்றிக் கொடு.

நாற்காலிக்காரம்மா

செப்டம்பர் 3

அன்புள்ள வாத்தியார் தம்பிக்கு,

நான் நலம். நீ எப்படி? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகாதே, பிள்ளைகள் பயந்துவிடும்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது கோபத்தால் இல்லை. கொஞ்சம் கோபத்தாலும்தான். ஆனால் உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தால், மேடைப்பக்கம் டீயை வைத்துவிட்டு வந்த என் காலைத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. அது நல்ல கால், வலது. உன் மேல் இருப்பதை உன் கடன் கணக்கில் வைத்துக்கொள், நான் வசூலுக்கு வர மாட்டேன். வட்டியாகக் குட்டியை லீவுக்கு அனுப்பு. அங்கே வந்து இருக்க மட்டும் கூப்பிடாதே. வெள்ளையடித்த அறையில் நீ புத்தகங்களை அடுக்கிக்கொள்.

அவரிடமிருந்து பதில் வந்ததா என்று கேட்டிருந்தாய். வந்தது. மகள் எழுதினாள். போன ஞாயிற்றுக்கிழமை ஹலோவுக்கு அங்கே கல்யாணம். பெண் தையல் சொல்லிக்கொடுக்கிறவளாம். என்னையும் அழைத்திருந்தார்கள். இங்கே இரண்டு பெரிய விசேஷம் இருக்கிறது, ஒரு நாற்காலி மிச்சமில்லை, வர முடியாது என்று எழுதிவிட்டேன்.

உன்னிடம் சொல்வதற்கு என்ன? அன்றைக்கு ஒரு விசேஷமும் இல்லை. ஊரில் யாருக்கும் நாற்காலி வேண்டியிருக்கவில்லை. வேண்டியவர்கள் வெல்வெட்டுக்காரனிடம் போய்விட்டார்கள். வண்டிக்காரன் காலையில் வந்து, "லோடு எங்கக்கா?" என்று கேட்டான். "இன்னைக்கு ஒண்ணும் இல்லடா, போய்த் தூங்கு" என்று அனுப்பிவிட்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. முந்நூறையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவினேன். ஷெட்டுக்கு முன்னால் வெயிலில் காயப் போட்டேன். கைப் பழக்கம், வரிசை வரிசையாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. நடுவில் நடக்க வழிகூட விட்டிருக்கிறேன்.

தெருவில் யாரோ ஒரு பெரியவர், வெளியூர்க்காரர் மாதிரி இருந்தது, சைக்கிளை நிறுத்தினார். பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆளுங்க எல்லாம் இனிமேதான் வரணுமா? இன்னைக்கு உங்க வீட்டுல கல்யாணமா?" என்று கேட்டார்.

"கல்யாணம்தாங்க. ஆனா இங்க இல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஈரம் காய்வதற்குள்ளேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், புடவையெல்லாம் நனைந்துவிட்டது.

உன் வீட்டுக்காரிக்கும் குட்டிக்கும் என் அன்பு.

அக்கா